பூவே வரைந்த பூ (பின்பக்கம் பார்க்கவும்)

1

"என் செடி, என் பூ, என் மதில். அதைப் பறிச்சு அரைச்சு, என் பூவையே படம் போட்டு, அதுக்குக் கீழ உங்க கையெழுத்தா?"

"டீச்சர், மதிலுக்கு இந்தப் பக்கம் தொங்குனதைத்தான் பறிச்சேன்."

"தொங்குனா? என் துணி காத்துல பறந்து உங்க கொடியில தொங்குனா எடுத்துப்பீங்களா?"

"உங்க துணியை நான் எதுக்கு டீச்சர் எடுக்கப் போறேன்?"

"அதையும் அரைச்சிடுவீங்க."

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி என் மொட்டைமாடியில் கிடைத்தது. ஒரே துண்டை நாலு முறை உதறி நாலு முறை காயப்போட்டேன். கால்வாசி குப்பைக்கூடையில் கிடைத்தது (எங்கள் கூடை இல்லை). மீதியை ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், என் கையில் ஊசி இறங்கியிருந்தபோது கேட்டேன். எழுந்து போக முடியாத நிலையில் கேட்டதால் அதை ஒட்டுக்கேட்டதாகச் சொல்ல முடியாது என்பது என் கட்சி.

2

தொடக்கத்துக்காக நான் பட்ட பாட்டையும் பார்த்துவிடுங்கள்.

"காகிதப்பூக்கள் உதிர்ந்து கிடந்த அந்தத் தெருவில், விடியலின் முதல் கதிர் மெல்ல—"

(வேண்டாம். நான் விடியலைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது. சண்டை நடந்தது காலை பதினொன்றேகாலுக்கு.)

"மனிதன் ஏன் படம் எடுக்கிறான்? குகைச் சுவரில் தொடங்கிய அந்தத் தாகம்—"

(இதுவும் வேண்டாம். குகைவரை போய்விட்டால் யார் என்னைத் திரும்பத் தெருவுக்குக் கூட்டிவருவது?)

சரி, ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர்தான், பிறகு ஒருவர் வந்து சேர்வார்.

அடிபட்ட வண்டிகளைக் காப்பீட்டு நிறுவனத்துக்காகப் படம் எடுப்பவர் ஒருவர். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இடம், வலம், அப்புறம் நசுங்கிய இடம் கிட்டத்தில். எந்த வண்டிக்கும் ஐந்து படம். தெருவில் அவருக்குப் பெயர் பம்பர். அவர் மனைவி பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். அவளுக்குப் பெயர் ஊசி. இரண்டு பெயரும் யார் வைத்தது என்று கேட்காதீர்கள். நான் அடக்கமானவள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் கெமிஸ்ட்ரி டீச்சர். நாற்பத்து மூன்று வயது, தனி வீடு, கல்யாணம் ஆகவில்லை. அவருக்கும் சேர்த்துக் கவலைப்பட்டுக் களைத்துப்போய்த் தெரு அதை நிறுத்தியிருந்தது. அவருக்கு இருந்த ஒரே உறவு மதில்மேல் படர்ந்து கிடந்த அந்தக் காகிதப்பூக் கொடிதான். கடும் ஊதாச் சிவப்பு. பார்த்தால் கண் கூசும்.

3

இனிச் சொல்வதை எழுதும்போது என் கேலி கொஞ்சம் வாலைச் சுருட்டிக்கொள்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்துவிடும்.

போன வருடம் பம்பர்மேல் ஒரு விசாரணை நடந்தது. இரண்டு வண்டி, இரண்டு கோப்பு, இரண்டிலும் ஒரே நசுங்கல். ஒரு வண்டியின் படத்தை இன்னொன்றுக்குக் கொடுத்து ஏமாற்றினார் என்று பேச்சு. நாலு மாதம் இழுத்து, கோப்பை மாற்றி வைத்தது அலுவலகம்தான் என்று முடித்து, ஒரு கடிதம் கொடுத்தார்கள். கடிதத்தில் வருத்தம்கூடத் தெரிவித்திருந்தார்கள். ஆனால் அந்த நாலு மாதத்தில் மனிதர் பேச்சை மறந்திருந்தார். தட்டில் போட்டதைத் தின்பார், சில நாள் அதுவும் இல்லை. ஒருநாள் மட்டும் ஊசியிடம் சொன்னாராம்:

"அந்தப் படத்தை நானே பாத்தேன்மா. எந்த வண்டின்னு எனக்கே தெரியல. படத்துல என்ன இருக்கு? நாம சொல்றதுதான்."

அப்புறம் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் எழுந்து உட்கார்ந்தார். பூவை அரைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றைக் காகிதத்தில் பூசி இருட்டில் காயவைக்க வேண்டும். அதே பூவை எடுத்த படத்தைக் கண்ணாடி மாதிரியான ஃபிலிமில் அச்சிட்டு, அதன்மேல் வைத்து அழுத்தி, நாள்கணக்கில் வெயிலில் போட வேண்டும். வெயில் பட்ட இடம் வெளுக்கும், நிழல் விழுந்த இடத்தில் நிறம் நிற்கும். பூவின் சாறே பூவின் படமாகிவிடும்.

"இது பூவோட படம் இல்லம்மா. பூவே. இதைப் பாத்து வேற பூன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது."

அன்று அவர் இரண்டாம் முறை சோறு கேட்டார். மறுநாள் குளியலறையில் சீட்டியடித்தார். (எங்கள் குளியலறைக்கும் அவர்கள் குளியலறைக்கும் நடுவில் ஒரு செங்கல்தான்.) ஊசிக்குப் புருஷன் திரும்பக் கிடைத்தது அந்தக் கொடியால்தான். அதனால் அவளுக்கு அந்தக் கொடி செடி வகையில் சேர்த்தியில்லை, மருந்து வகையில் சேர்த்தி.

அந்த மருந்தைத்தான் டீச்சர் நிறுத்தினார். சண்டை நடந்த அன்று மதிலின் இந்தப் பக்கம் தொங்கிய கிளைகளை எல்லாம் இழுத்து அந்தப் பக்கம் கட்டிவிட்டார். இந்தப் பூப்படங்களை வைக்க ஏற்பாடாகியிருந்த கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது. பன்னிரண்டு படம் வைப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார் பம்பர். முடிந்தது ஐந்து.

"நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வரேங்க. என்கிட்ட டீச்சர் சிரிச்சுப் பேசுவாங்க" என்றாள் ஊசி.

4

அவள் போனாள். டீச்சர் வீடு பூட்டியிருந்தது. தேர்வு வேலைக்காக ஒரு மாதம் வெளியூர் போயிருந்தார். கொடி, மதிலுக்கு அந்தப் பக்கம், கை எட்டாத இடத்தில், வேண்டுமென்றே பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.

(சுவர் ஏறிக் குதிப்பதாக ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் ஊசியின் முழங்காலைப் பற்றித் தெருவுக்கே தெரியும். யாரும் நம்ப மாட்டார்கள்.)

வாசலில் நின்றாள். வெறுங்கையோடு திரும்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் பயம். ஒன்றும் சொல்லாமல் போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார், சீட்டி நிற்கும், தட்டில் பாதி மிஞ்சும், மறுபடி நாலு மாதம்.

திரும்பும் வழியில் காய்கறிக்கடை. முன்வரிசையில், ஒன்றை இரண்டாக வெட்டிக் கவிழ்த்து வைத்திருந்தான் கடைக்காரன். வெட்டிய முகத்தில் அதே நிறம். ஊதாச் சிவப்பு. கண் கூசியது.

பீட்ரூட்.

அந்த வீட்டில் பீட்ரூட் நுழைந்ததே இல்லை. பம்பருக்கு ஆகாது, மண் வாசம் அடிக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவார். அதனால்தான் மறுநாள் அவர்கள் குப்பைக்கூடையில் ஒரு குவியல் பீட்ரூட் தோலைப் பார்த்தபோது நான் நின்றேன். தற்செயலாகத்தான் நின்றேன். கூடை மூடியை மட்டும் கொஞ்சம் தூக்கினேன்.

அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் துருவினாள், மிக்ஸியில் போட்டாள், மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டினாள். ரத்தத்தைப் பிரித்துப் பழகிய கை, ஒரு சொட்டு சிந்தவில்லை. சாற்றைப் பாட்டிலில் ஊற்றினாள். அப்புறம் பழக்கதோஷத்தில் ஒரு துண்டு ஒட்டுத்தாள் கிழித்து ஒட்டி, பேனாவைத் திறந்தாள்.

அங்கேதான் கை நின்றது.

பதினெட்டு வருடமாக ரத்தம் எடுக்கிறாள். ஒரு குழாயில்கூட ஒருத்தர் பெயருக்குப் பதில் இன்னொருத்தர் பெயர் வந்ததில்லை. குழாயில் யார் ரத்தமோ அவர் பெயர்தான் ஒட்டுத்தாளில். அது மாறினால் ஒருத்தர் வியாதிக்கு இன்னொருத்தர் மருந்து சாப்பிடுவார். புதிதாக வரும் பெண்களிடம் முதல் நாளே அவள் சொல்வது: "ஊசி தப்பாக் குத்துனா வலிக்கும், அவ்வளவுதான். பேரைத் தப்பா ஒட்டுனா ஆளே போயிடுவாங்க."

ஒட்டுத்தாளை உரித்துக் கசக்கிப் போட்டாள். பாட்டிலில் ஒன்றும் எழுதவில்லை. அவளைப் பொறுத்தவரை அதற்குமேல் நல்ல பொய் அவளால் சொல்ல முடியாது.

மாலையில் பம்பர் பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.

"முன்னையவிட நல்லா இருக்கே. பூவுக்கு வயசாகுதோ?"

"மழை இல்லல்ல. சத்து உள்ளேயே நின்னுருக்கும்."

"டீச்சர் ஒன்னும் சொல்லலையா?"

"ஒரு வார்த்தை சொல்லலீங்க" என்றாள். இதில் மட்டும் பொய் இல்லை.

5

கண்காட்சி நடந்த கூடத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். நீள அறை, நிறைய சுவர். போதும்.

இந்த வகைப் படத்தில் ஒரு சிக்கல். வெயிலில் பிறந்தது வெளிச்சத்திலேயே செத்துவிடும். நிலைநிறுத்த வழியில்லை. பார்க்கப் பார்க்க மங்கும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கறுப்புத் துணி. பக்கத்தில் ஓர் அட்டை: "துணியைத் தூக்கிப் பார்க்கவும். மூன்று எண்ணும்வரை மட்டும்."

தெருவே போயிருந்தது. எல்லோரும் மிகப் பொறுப்பாக எண்ணினார்கள். எண்ணுவதில் இருந்த கவனத்தில் படத்தைப் பார்க்க மறந்தார்கள். ஒரு பெரியவர் தனக்கு முன்னால் நின்றவர் ஐந்துவரை எண்ணிவிட்டதாகப் புகார் சொன்னார். ஓர் அம்மாள் போன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, "வெளுத்திருக்கே" என்றார். நான் பன்னிரண்டையும் இருமுறை பார்த்தேன். வேகமாக எண்ணத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு நஷ்டம்.

கறுப்புத் துணிகளின் எதிரே பம்பர் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தார். வந்தவர்களிடம் எல்லாம் ஒரே வாக்கியம்: "இது பூவோட படம் இல்லைங்க. பூவேதான்." ஒவ்வொரு முறை அவர் அதைச் சொல்லும்போதும் ஊசி தண்ணீர் குடிக்கப் போனாள்.

அப்போதுதான் நான்காவது ஆள் வந்தார். கலை விமர்சகர். எந்தப் பத்திரிகை என்று கேட்டு வைத்தேன், நான் படிக்காத பத்திரிகை. கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. ஆறாவது படத்தின் துணியைத் தூக்கினார், எண்ணவே இல்லை, மூக்கைக் கொண்டுபோய் அருகில் வைத்து மோந்தார்.

"மண்ணு" என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "இந்தப் பூவுக்குள்ள ஒரு வேர் இருக்கு."

ஊசியின் கையில் இருந்த தம்ளர் நழுவியது. எவர்சில்வர் தம்ளர், கூடமே திரும்பிப் பார்த்தது.

அடுத்த வாரம் பத்திரிகையில் வந்தது. "முதல் ஐந்து படங்கள் பயிற்சி மட்டுமே. ஆறாவதிலிருந்து கலைஞர் பூவைத் தாண்டி வேருக்குள் இறங்குகிறார். பூ தன்னைத்தானே உண்மையாகப் பேசத் தொடங்குவது இங்கேதான்."*

* நிஜமான பூ எது என்றால், பயிற்சி என்று தள்ளிய அந்த ஐந்தும்தான். எனக்கு இதைப் படித்தபோது வந்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் மனிதர் வேர் என்று சொன்னது சரிதானே. பீட்ரூட் வேறு என்னவாம்? இந்தக் கதையிலேயே உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அது அவருக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் பம்பர் அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு மனைவியைக் கேட்டார்:

"அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நான் என்ன மாத்துனேன்?"

"கை பழகியிருக்கும்."

"இருக்கும்" என்றார் அவர்.

6

டீச்சர் ஊரிலிருந்து திரும்பியதும் கண்காட்சிக்குப் போனார். திட்டுவதற்காகத்தான் போனார் என்று நினைக்கிறேன். ஆனால் நுழைவாயில் அட்டையில் "கொடி உதவி: பக்கத்து வீட்டு ஆசிரியை" என்று பம்பர் எழுதியிருந்தார். அதை டீச்சர் இரண்டு முறை படித்தார். பிறகு ஏழாவது படத்தின் துணியைத் தூக்கினார். நெருங்கினார். மூக்கு சுருங்கியது.

ஊசியை ஓரமாக அழைத்துப் போனார்.

"இது என் பூ இல்ல."

"டீச்சர்..."

"வகுப்புல வருஷாவருஷம் பீட்ரூட்டை வெச்சுத்தான் நிறம் மாறுறதைக் காட்டறேன். எனக்குத் தெரியாதா?"

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். இப்பத்தான் மனுஷன் சோறு திங்கறாரு."

டீச்சர் நுழைவாயில் அட்டையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் குரல் இறங்கியது.

"ரெண்டுலயும் இருக்கறது ஒரே குடும்பத்துச் சாயம்தான். பீட்டாலைன். அப்படிப் பாத்தா பொய்னும் சொல்ல முடியாது."

"நிஜமாவா டீச்சர்?"

"கெமிஸ்ட்ரியில நிஜம். மத்ததெல்லாம் உன் மனசாட்சி, அது என் சப்ஜெக்ட் இல்ல."

இவ்வளவையும் நான் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்று... (இல்லை, தூண் இருந்ததா என்பதே சந்தேகம். ஊசி சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன். கடைசி வரியை மட்டும் நான் கொஞ்சம் தட்டி நிமிர்த்தியிருக்கிறேன்.)

7

இந்த இடத்தில் எனக்கு ஊசிமேல் நம்பிக்கை போய்விட்டது. பதினெட்டு வருடம் பெயர் மாற்றி ஒட்டாதவள் ஏழு படத்துக்கு எப்படிப் பொய் சொன்னாள்? பாத்திரம் பொருந்தவில்லையே. எழுதுவதை நிறுத்திவிட்டு, எனக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க அவளிடமே போனேன். (இல்லை. நன்றி.)

அவள் என் முழங்கைக்குமேல் ரப்பர் பட்டையைக் கட்டினாள். ஊசி இறங்கியது. நான் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தேன். "பீட்ரூட் உடம்புக்கு நல்லதாமே" என்றுதான் தொடங்கினேன். அவள் என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கொட்டினாள். குழாய் நிரம்புகிற நேரத்துக்குள் ஒரு பெண்ணால் அவ்வளவு சொல்ல முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பாட்டில்ல எழுதலக்கா. ஆனா மனசு கேக்கல. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலயும் பென்சில்ல எழுதிட்டேன். நம்பர், தேதி, உள்ள என்னன்னு. முதல் அஞ்சுக்குக் காகிதப்பூ. மீதி ஏழுக்கும் பீட்ரூட்டுன்னே எழுதியிருக்கேன். பொடி எழுத்துல, ஓரமா."

பாத்திரம் பொருந்திவிட்டது. எனக்கு நிம்மதி.

"பின்பக்கத்தை யாருக்கா பாக்கப் போறா? சட்டத்துக்குள்ள போயிடுச்சு."

"அது சரி. சட்டம் போட்டது எந்தக் கடையில?"

"கடையில எங்க. அவரேதான் போட்டாரு. பன்னிரண்டும். உக்காந்து, ஒவ்வொன்னாக் கவுத்து வெச்சு, அட்டையை வெச்சு ஆணி..."



கவிழ்த்து வைத்து. பின்பக்கம் மேலே பார்க்க. எந்த வண்டியாக இருந்தாலும் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று பார்க்காமல் விடாத மனிதர்.

அவள் ஊசியை உருவினாள். பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்ல மறந்தாள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாம். என் முழங்கை மடிப்பில் ரத்தம் கட்டி ஊதாச் சிவப்பாக ஒரு பூ பூத்தது. பத்து நாளில் மஞ்சளாகி மங்கி மறைந்தது. ரத்தத்தின் படம், ரத்தத்தாலேயே ஆனது. நானும் கொஞ்சம் கலையை ஆதரித்திருக்கிறேன்.

குழாயில் மட்டும் என் பெயரைச் சரியாக எழுதினாள்.

8

முடிவுகள் சில கைவசம் உண்டு.

அன்று வீட்டுக்குப் போய் அவள் எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள், அவர் "தெரியும்" என்கிறார். (சினிமா பார்த்து எழுதியது போல இருக்கிறது.)

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சட்டம் போட்டார், அந்தப் பென்சில் எழுத்தைப் பார்க்கவே இல்லை. (நடந்திருக்கலாம். அவருக்கு வெள்ளெழுத்து கொஞ்சம்—)

முதல் எழுத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. மாற்றி ஒட்டிய நசுங்கலுக்காக நாலு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தவர், தனக்காக ஒருத்தி மாற்றி வைத்ததற்கு என்ன செய்வது என்று தெரியாமல், அட்டையை வைத்து ஆணி அடித்து மூடிவிட்டு, "கை பழகியிருக்கும்" என்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். (இந்த வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.)

நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன். விமர்சகர் மூலக் கொடியைப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் வீட்டுக்கு வந்தார். கொடியை மோந்து பார்த்துவிட்டு, "இதுல மண் வாசம் இல்லையே" என்றார். "வராது. உள்ள வாங்க, சொல்றேன்" என்றார் டீச்சர். அதைச் சொல்லி முடிக்க ஐந்து மாதமும் ஒரு பதிவுத் திருமணமும் தேவைப்பட்டன. கல்யாணத்துக்குப் பம்பர் ஒன்பதாவது படத்தைப் பரிசாகக் கொடுத்தார். இப்போது அவர்கள் ஊரின் அந்தக் கோடியில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். வரவேற்பறையில் கறுப்புத் துணி தொங்குகிறது. விமர்சகர் விருந்தாளிகளைக் கூட்டிப்போய் மூன்றுவரை எண்ணுகிறாராம். வேர் என்கிறாராம். டீச்சர் அந்த நேரம் பார்த்துக் காப்பி போடப் போய்விடுகிறாராம். கொடியிருந்த வீட்டுக்கு வந்தவர்கள் மதிலில் குப்பை சேருகிறது என்று கொடியை வெட்டிவிட்டார்கள்.

முதல் ஐந்து படமும் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டன. பீட்ரூட் ஏழும் இன்னும் சிவப்புத்தான்.

பம்பருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய அன்று காலையில் அவர் கையில் பையோடு தெருமுனையிலிருந்து வந்தார். பையின் வாயில் சிவப்புத் தண்டும் பச்சை இலையும் எட்டிப் பார்த்தன.

"என்ன சார், நீங்க பீட்ரூட் சாப்பிட மாட்டீங்களே?"

"சாப்பிட யாருங்க வாங்குனா? இனிமே இதையே படம் எடுக்கலாம்னு இருக்கேன்."

சொல்லிவிட்டுப் பையை லாரியின் முன்னிருக்கையில், ஊசியின் மடியில் வைத்தார். அவள் பையைப் பார்த்தாள். அப்புறம் கைப்பையிலிருந்து ஒட்டுத்தாள் சுருளை எடுத்து ஒரு துண்டு கிழித்தாள். லாரி கிளம்பிவிட்டது. என்ன எழுதினாள் என்று எட்டிப் பார்ப்பதற்குள் திருப்பம் வந்துவிட்டது.

இந்தக் கதையும் அதே சரக்கில் செய்ததுதான். வம்பைப் பற்றியது, வம்பையே அரைத்துப் பூசியது. பூ கிடைக்காத இடத்தில் நானும் கடைக்குப் போயிருக்கிறேன். அந்தப் பையும் பச்சை இலையும் ஒட்டுத்தாளும் நான் கண்ணால் பார்த்தவையா, போட்டு நிரப்பியவையா என்று இந்தத் தாளின் பின்பக்கம் ஓரமாகப் பென்சிலில் எழுதியிருக்கிறேன். அச்சில் அது வராது. அதனால் அந்த லாரிக்குள் ஒட்டுத்தாளில் எழுதியது என்ன என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்று எண்ணுவதற்குள் முடித்துவிட்டுத் துணியைப் போட்டு மூடிவிடுங்கள்.